எட்டுத் தகரத் தோட்டம்

என் அப்பா கணக்கெழுதும் கிராணியான மாதத்தில் எங்கள் வீட்டில் மூன்று மாற்றங்கள் நடந்தன. அப்பா வெள்ளைக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கூலி வரிசை வீட்டைக் காலிசெய்துவிட்டு, ஊருக்குள் ஒரு சந்தில் ஓட்டு வீடொன்றின் பின்கட்டுக்குக் குடிவந்தோம். மூன்றாவதாக, புழுங்கலரிசிச் சோறு தின்பதை நிறுத்தினோம்.

அது வெள்ளைக்காரன் ஆட்சிக்காலத்துப் பினாங்கு. எனக்கு ஒன்பது வயது. அதுவரை அப்பா கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை வெயிலில் நின்று எண்ணி, தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது இன்னொருவர் கத்த, அப்பா நிழலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அதே மூட்டைகள்தான். ஆனால் கத்துகிறவருக்குக் கூலி என்று பெயர், எழுதுகிறவருக்குக் கிராணி என்று பெயர். அந்த வித்தியாசத்தை அப்பா ரொம்பவும் மதித்தார். கோட்டின் பொத்தான்களை வீட்டுக்குள் வந்த பிறகும் கொஞ்ச நேரம் கழற்ற மாட்டார்.

புழுங்கலரிசிக்கு ஒரு வாடை உண்டு, நிறமும் மங்கல். கூலி வரிசையில் எல்லா வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்தும் அந்த வாடைதான் வரும். அப்பாவுக்கு அது இப்போது ஆகவில்லை. சந்து முனையில் இருந்த சீனர் கடையிலிருந்து, ஆலையில் தீட்டித் தீட்டி வெளுப்பாக்கிய சயாம் பச்சரிசி மூட்டையாக வந்து இறங்கியது. மூட்டையை அவிழ்த்ததும் ஒரு கை அள்ளி அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாத்தியா, மல்லியப்பூ மாதிரி!”

“பாக்க நல்லாத்தான் இருக்கு. பசி தாங்குமா?” என்றாள் அம்மா.

கூலி வரிசையில் இருந்தவரை காலையில் வடிகஞ்சியில் உப்புக்கல் போட்டு ஆளுக்கு ஒரு சொம்பு குடிப்போம். அதற்கும் அப்பா தடை போட்டார். கிராணி வீட்டில் கஞ்சித்தண்ணி குடிப்பதைச் சந்துக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை. காலையில் கோப்பியும் ரொட்டியும் வந்தன. எனக்குச் சந்தோஷம்தான். ரொட்டியைக் கோப்பியில் தோய்த்துத் தின்பதற்காகவே நான் சீக்கிரம் எழுந்துகொள்ள ஆரம்பித்தேன். அம்மாவுக்குக் கோப்பி பிடிக்கவில்லை. வெறும் வயிற்றோடு வேலை பார்ப்பாள்.

தம்பி அந்த வீட்டில்தான் பிறந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டும் பால்குடியிலேயே போய்விட்டன. அதனால் இந்தப் பிள்ளையை அம்மா கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். பிரசவம் பார்க்க வந்த மருத்துவச்சி வழக்கமான பத்தியத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். பருப்பும் பயறும் வாயு, மீன் சொறி, கீரை சளி, காய்களில் பாதி குளிர்ச்சி. மிஞ்சியது சோறும், பூண்டு தட்டிப்போட்ட மிளகு ரசமும், சுட்ட கருவாட்டுத் துண்டும்தான். எல்லோரும் நாற்பது நாள் இருப்பார்கள். அம்மா நாற்பது நாளோடு விடவில்லை. தான் எதையாவது தின்றுதான் முன்பு பிறந்த இரண்டும் போயின என்று யாரோ சொன்னதை அவள் மனதுக்குள் வைத்திருந்தாள். பிள்ளை பால் குடிக்கிறவரைக்கும் பத்தியம் என்று முடிவு செய்துகொண்டாள். அப்பாவுக்கும் எனக்கும் பருப்புக் குழம்பு வைப்பாள், மீன் பொரிப்பாள். தனக்கு மட்டும் அந்த வெள்ளைச் சோறும் ரசமும்.

தம்பிக்கு நாலு மாதம் ஆனபோது அம்மாவின் கால் வீங்கியது. கால்விரல் மெட்டி சதைக்குள் புதைந்துபோய், ஒருநாள் சவுக்காரம் போட்டுத் தேய்த்து அப்பா அதைக் கழற்ற வேண்டியிருந்தது. அம்மா சிரித்துக்கொண்டே, தனக்கு வலிக்கவே இல்லை என்றாள். அது பொறுமையால் சொன்னதல்ல. உண்மையிலேயே அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தது. நடக்கும்போது தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்பாள். குழாயடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்குவாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கீழே டிரெஸ்ஸராக இருந்த ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். அப்பா கூப்பிட்டதும் ஒரு சாயங்காலம் வந்து அம்மாவின் நாடியைப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அங்கே ஒரு குழி அப்படியே நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

“சத்தே இல்லண்ணே. வெறுஞ்சோறா தின்னா இப்படித்தான் ஆகும்” என்றார் அவர். “தினம் பச்சைக்கீரை குடுங்க. பாசார்ல வாங்காதீங்க, எந்தச் சாக்கடைத் தண்ணியில வளக்குறானுங்களோ. வீட்டுலயே போட்டுக்கிட்டா உத்தமம்லா.”

தோட்டம் தோன்றியது இப்படித்தான். டிரெஸ்ஸர் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை நல்ல மனதோடு சொன்னார். கீரை சளி என்று அம்மா தயங்கியபோது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று தன் பிள்ளைகள்மேல் சத்தியம்கூடச் செய்தார். அம்மா கீரைக்கு ஒப்புக்கொண்டாள். பருப்புக்கும் பயறுக்கும் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

எங்கள் பின்கட்டில் தோட்டம் போடக் கையகல மண்கூடக் கிடையாது. வீட்டின் நடுவே, மழையும் வெயிலும் விழும்படி வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு சிமெண்டு முற்றம் மட்டும் இருந்தது. அப்பா துறைமுகத்திலிருந்து காலி மண்ணெண்ணெய்த் தகரங்களை இரண்டிரண்டாகக் கொண்டுவந்தார். மேல்மூடியை வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். எட்டுத் தகரம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு தண்ணீர்மலைக்கு நடந்தார். முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வரும்போது அடிவாரத்தில் கறுப்பு மண்ணாகப் பார்த்துக் கோணியில் அள்ளினோம்.

“முருகன் மண்ணு. சும்மாப் போவாது” என்று மூச்சு வாங்கியபடி சொன்னார்.

எருவுக்குச் சந்துக் கோடியில் மாடு வைத்திருந்த பால்காரரிடம் போனோம். வெள்ளைக் கோட்டோடு கிராணி ஒருவர் சாணிக்கூடையைத் தூக்கி வருவதை வேடிக்கை பார்க்கச் சந்தே வாசலுக்கு வந்தது. கஞ்சித்தண்ணி குடிப்பதற்கு அவ்வளவு வெட்கப்பட்ட மனிதர் சாணிக்குக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. அப்பா அம்மாவின்மேல் எவ்வளவு ஆசை வைத்திருந்தார் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். வீட்டில் அவர் அதைச் சொல்லியோ காட்டியோ நான் பார்த்ததில்லை.

எழுதுகிற ஆளாகிவிட்டதால் அப்பா தகரங்களுக்குச் சுண்ணாம்பால் எண் போட்டார். ஒன்றிலும் இரண்டிலும் முளைக்கீரை. மூன்றில் பொன்னாங்கண்ணித் தண்டுகளை ஒடித்து நட்டார். மணத்தக்காளி ஒரு தகரத்தில், புதினா ஒரு தகரத்தில், தம்பியின் சளிக்கென்று கற்பூரவல்லி ஒரு தகரத்தில். மலாய்க்காரப் பெண்கள் பச்சையாகவே மென்று தின்னும் வல்லாரை எங்கிருந்தோ கிடைத்தது. ஐந்தாம் தகரத்தில் போட்ட கொத்தமல்லி மட்டும் முளைக்கவே இல்லை. விதையை இரண்டாகத் தேய்த்துப் போட வேண்டும் என்று அப்பாவுக்குத் தெரியாது. தினமும் குனிந்து பார்ப்பார்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. அப்பா என்னை முற்றத்தில் நிற்கவைத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார்: “தாயி, அம்மா காலு வத்துறது இனிமே உன் கையிலதான் இருக்கு.”

பெரியவர்கள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வதையெல்லாம் நான் அப்படியே நம்பிக்கொள்ளும் பிள்ளை. அன்றிலிருந்து அந்தப் பொறுப்பு என் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்ததும் தகரங்களைப் பார்ப்பேன். பிறகு அம்மா படுத்திருக்கும் இடத்துக்குப் போய், டிரெஸ்ஸர் செய்ததுபோல் அவள் கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்துவேன். குழி விழும். அது நிரம்பும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். சீக்கிரம் நிரம்பினால் நல்லது என்று நானாக ஒரு கணக்கு வைத்திருந்தேன். அம்மா தூங்குவதுபோல் படுத்திருப்பாள். நான் எண்ணி முடித்ததும் கண்ணைத் திறக்காமலே, “இன்னிக்கு எத்தனை?” என்பாள்.

தண்ணீர்தான் சிரமம். தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து வர வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பால்காரர் ஒரு யோசனை சொன்னார். அரிசி களைந்த கழுநீரையும், வடித்து ஆறவைத்துத் தண்ணீர் கலந்த கஞ்சியையும் ஊற்றினால் கீரை குபுகுபுவென்று வரும் என்றார். நல்ல மனிதர், அவர் சொன்னதும் உண்மைதான். சோறாக்குவது அப்போது நான்தான். அம்மாவால் வெகுநேரம் நிற்க முடியாததால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்வாள், நான் செய்வேன். சாதாரணமாக இரண்டு முறை அரிசி களைவோம். எட்டுத் தகரத்துக்கு அது எந்த மூலைக்கு? நான் மூன்று முறை களைந்தேன். நாலு முறை களைந்தேன். பச்சரிசியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கிக் கசக்கி, தண்ணீர் பால்போல் வெளுக்கும்வரை தேய்த்து, ஒரு சொட்டு விடாமல் வாளியில் சேர்த்தேன். ஐந்தாம் முறை தண்ணீர் தெளிவாக வரும். சோறும் முன்னைவிட வெள்ளையாக இருந்தது. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு, என் கைக்கு நல்ல ராசி என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கீரை நிஜமாகவே குபுகுபுவென்று வந்தது. நாலாவது வாரம் முதல் தகரத்தை அரிந்தோம். அன்று அப்பா வேலைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, அம்மா சாப்பிடுவதைப் பார்க்க எதிரே குந்தி உட்கார்ந்துகொண்டார். பருப்புப் போடாமல் பூண்டும் சீரகமும் தட்டிப்போட்டுக் கடைந்த கீரை. அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“கிராணி வீட்டுக் கீரைன்னா சும்மாவா” என்றாள்.

அப்பா சிரித்தார். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறவரை அது ஒரு தடவைதான். அதன் பிறகு சில நாள் குழி கொஞ்சம் சீக்கிரமாக நிரம்பியது. அல்லது நான்தான் மெதுவாக எண்ணினேனோ என்னவோ, இப்போது எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை.

வீட்டின் முன்கட்டில் ஒரு சீனத் தச்சர் குடியிருந்தார். அவருடைய மனைவி தன் வாத்துகளுக்குத் தவிடு பிசைந்து வைக்க முற்றத்துக்கு வருவாள். எங்களுக்குள் பாதி மலாயும் பாதி சைகையுமாகத்தான் பேச்சு. ஒருநாள் அம்மாவின் காலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “காக்கி பெங்காக்” என்றாள். கால் வீக்கம் என்று அர்த்தம். தன் அண்ணனுக்கும் இப்படித்தான் வந்தது என்று கையால் காட்டினாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் நிறையப் பச்சைப்பயற்றை வேகவைத்துச் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்து, “காச்சாங், மாக்கான்” என்று அம்மாவின் கையிலேயே கொடுத்தாள். பயறு சாப்பிடு என்று இத்தனை தெளிவாக வேறு யார் சொல்ல முடியும்? அம்மா இரண்டு கையாலும் வாங்கி, தலையசைத்து, அவள் போகும்வரை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“பயறு வாயுடீ, பிள்ளைக்கு ஆவாது. நீ சாப்புடு. கிண்ணத்தை நல்லாக் கழுவிக் குடு, பாவம், ஆசையாக் கொண்டாந்தா.”

அவள் அடுத்த வாரமும் கொண்டுவந்தாள், அதற்கடுத்த வாரமும். மூன்று கிண்ணத்தையும் நான்தான் தின்றேன். கடைசித் துளியை விரலால் வழித்து நக்கினேன். தித்திப்பாக இருந்தது.

அம்மாவுக்குப் பால் வற்றியது. தம்பிக்கு டின்பாலைக் கரைத்துக் கொடுத்தோம். அழுதுகொண்டே கிடந்தவன் பத்தே நாளில் கன்னம் உப்பிச் சிரிக்க ஆரம்பித்தான். பால் கொடுக்காத தாயாகிவிட்டோமே என்று அம்மா அழுதாள். பால்தான் நின்றுவிட்டதே, இனிமேல் பத்தியம் எதற்கு என்று அப்பா கேட்டார். உடம்பு தேறினால் பால் திரும்ப ஊறும், அதுவரை வாயைக் கட்ட வேண்டும் என்றாள். வீக்கம் முழங்காலைத் தாண்டியது. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் உட்கார்ந்தே தூங்கினாள். நான் இன்னும் கவனமாக அரிசி களைந்தேன். இன்னும் அதிகமாகக் கீரை அரிந்தேன். காலையில் குழியை எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டேன். எண்ணிக்கொண்டே போனாலும் அது நிரம்பவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அப்பா ரிக்‌ஷா பிடித்துவந்து அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தம்பியைத் தச்சர் மனைவி வாங்கிக்கொண்டாள். நான் வீட்டிலேயே இருந்து தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அப்பா. மறுநாள் காலையில் கீரையைக் கடைந்து தூக்குச்சட்டியில் போட்டு, சோறும் வைத்துக் கொடுத்தேன். காலிச் சட்டி வந்தது. அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டாள், மிச்சத்தைத் தான் சாப்பிட்டதாகச் சொன்னார் அப்பா. புதன்கிழமையும் கொடுத்தேன். அன்றைக்கு அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். கோட்டில் பொத்தான் ஏறுமாறாக மாட்டியிருந்தது. தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே அது கனமாக இருப்பது தெரிந்தது. திறந்து பார்த்தேன். காலையில் நான் வைத்தபடியே கீரையின் மேல் கரண்டித் தடம் இருந்தது.

நான் அழவில்லை. முதலில் எனக்கு வந்தது கோபம். இவ்வளவு நல்ல கீரையைச் சாப்பிடாமல் போய்விட்டாளே என்று அம்மாமேல் கோபம். அழுகை வர வெகுநாள் ஆயிற்று. வந்த பிறகு அது நிற்கவும் வெகுநாள் ஆயிற்று.

தகரங்களை யாரும் தொடவில்லை. முளைக்கீரை இடுப்பளவு வளர்ந்து, பூத்து, விதை கொட்டி, சிமெண்டு விரிசலில்கூட முளைத்தது. வேறு வீட்டுக்கு மாறும்போது அப்பா அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் கீரை பரிமாறினால் தட்டைப் பார்த்துக்கொண்டே, “ஒரு மாசம் முன்னாடி வெதைச்சிருக்கணும் தாயி” என்பார். எனக்குக் கல்யாணமாகி, என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதிலும் அதையே சொன்னார். நான் சரியாகத்தான் பார்த்துக்கொண்டேன், விதைத்ததுதான் தாமதம், அதனால் தப்பு தன்னுடையது என்று எனக்குச் சமாதானம் சொல்வதாக அவருக்கு எண்ணம். அந்த எண்ணத்தோடே போய்ச்சேர்ந்தார்.

அவர் போய் ஐந்தாறு வருடம் கழித்து என் மகள் தாதிப் படிப்பில் சேர்ந்தாள். பரீட்சைக்கு உரக்கப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. இங்கிலீஷில் படித்துவிட்டு, தனக்குப் புரிகிறதா என்று பார்க்க எனக்குத் தமிழில் சொல்லிக்காட்டுவாள். அன்று நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெரிபெரி என்று ஒரு நோய், அம்மா, என்று ஆரம்பித்தாள். கால் வீங்கும், அழுத்தினால் குழி விழும், மரத்துப்போகும், மூச்சு முட்டும், கடைசியில் நெஞ்சு நின்றுபோகும். அரிசியின் மேல்தோலில் இருக்கிற ஒரு சத்து உடம்பில் குறைந்தால் வருவது. நெல்லைப் புழுக்கிக் குத்தினால் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். பச்சையாக ஆலையில் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். ஒட்டியிருக்கிற கொஞ்சநஞ்சமும் அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்தால் கழுநீரில் போகும், வடித்தால் கஞ்சியில் போகும். பயறு பருப்பு தின்கிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள், பால் கொடுக்கிற தாய்மார்களுக்குத்தான் ஆபத்து அதிகம். கீரை மட்டும் போதுமா என்று கேட்டேன். கீரை நல்லதுதான், ஆனால் இதற்கு அது பற்றாது என்றாள். அவள் பக்கத்தைத் திருப்பி அடுத்த நோய்க்குப் போய்விட்டாள். வெங்காயம் உரிக்கிறவள் அழுவதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் ரிக்‌ஷா வந்த அந்தத் திங்கட்கிழமைக் காலையை என்னால் அப்படிச் சொல்லித் தாண்ட முடியவில்லை.

அப்பா லீவு கேட்கத் துறைமுகத்துக்குப் போயிருந்தார். படுக்க முடியாமல் அம்மா முற்றத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தம்பி பக்கத்தில் துணியில் கிடந்தான். நான் சோற்றை வடித்து, கஞ்சியை ஆறவைக்க அகலச் சட்டியில் ஊற்றி வைத்திருந்தேன். அது ஆறி மேலே ஆடை படர ஆரம்பித்திருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கஞ்சித்தண்ணியில ஒரு உப்புக்கல்லு போட்டு எனக்கு ஒரு சொம்பு குடேன்டி” என்றாள். “ரெண்டு நாளா நாக்கு அதையே கேக்குது.”

நான் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “அது செடிக்கும்மா. அப்பா வைவாரு. செடியெல்லாம் யாருக்கு வளக்குறோம், உனக்குத்தானே?”

அம்மா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். சிரிக்கவும் செய்தாள்.

“ஆமா, எனக்குத்தான். சரி, ஊத்து.”

கஞ்சியில் தண்ணீர் கலந்து, முதல் தகரத்திலிருந்து எட்டாம் தகரம்வரை அளவு பிசகாமல் ஊற்றினேன். சட்டியின் அடியில் தங்கியிருந்ததையும் கையால் வழித்து ஊற்றினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அம்மா சட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறேன் என்று பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.